மகள் சொன்ன பதினோரு வாக்கியம்

அந்தம்மா வருவதைப் பார்த்தால் தெருவில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வாய் சாது. ஆனால் காது இருக்கிறதே, அது பொல்லாத காது. பேருந்துக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் தன் மச்சானைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தால், இவள் கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டை எடுப்பாள். பையையே மேசையாக வைத்துக்கொண்டு அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுவாள். தேதி போடுவாள். கீழே, "வரிசையில் நின்ற ஆண், ஐம்பது வயது இருக்கும்" என்று குறிப்பாள். அந்த ஆள் முறைத்தால் வெட்கமே இல்லாமல், "கடைசியா சொன்னீங்களே, அதை இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள்.

சீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், ஏதோ சீட்டாடுகிற பெண்பிள்ளை போலிருக்கிறது என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவள் வேலை செய்தது ஓர் அகராதி அலுவலகத்தில். மூன்று அறை, சுவரெல்லாம் இழுப்பறை, இழுப்பறையெல்லாம் சீட்டு. சொல்லுக்குப் பொருள் எழுதுவது படித்த பெரியவர்கள் பாடு. அந்தச் சொல்லை மனிதர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து கொடுப்பது இவள் பாடு. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்தாள்.

அந்த வேலைக்கென்று சில சட்டம் உண்டு. வாக்கியம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும், சொந்தச் சரக்குக் கூடாது. தேடுகிற சொல் எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ அது மட்டும்தான் சீட்டில் ஏறும். அதற்கு முன்னால் என்ன சொன்னார்கள், பின்னால் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வேண்டாத சங்கதி. ஒரே ஆள் சொன்னது எத்தனை சேர்ந்தாலும் அச்சுக்கு இரண்டுதான் போகும், முதலில் கேட்டதும் கடைசியில் கேட்டதும். இந்தச் சட்டமெல்லாம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷி பத்தொன்பது வருஷம் அப்படியே கேட்டுப் பழகினால் அவள் காது என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. புருஷன் செத்த வீட்டில், துக்கம் விசாரிக்க வந்த கொழுந்தன் மனைவி கட்டிக்கொண்டு அழும்போது, இந்தம்மா அவள் தோளுக்குப் பின்னால் கையை நீட்டிச் சீட்டைத் தேடினாளாம். அந்த மாதம் அலுவலகத்தில் 'ஆறுதல்' என்ற சொல் நடந்துகொண்டிருந்தது. இதை அவளே ஒரு நாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அப்போது மகளுக்கு எட்டு வயது. பிறகு வீட்டில் அம்மாவும் பெண்ணும்தான். அந்தக் குழந்தை சீக்கிரமே ஒன்று கற்றுக்கொண்டது: அம்மாவின் கவனம் வேண்டுமென்றால் அழ வேண்டாம், அடம்பிடிக்க வேண்டாம், அந்த மாதத்துச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அடுப்பில் இருப்பது அடிபிடித்தாலும் அம்மா ஓடி வந்து முன்னால் உட்காருவாள். "என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லுடி கண்ணு!" அந்த நேரத்தில் அம்மா முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வாக்கியம் பொறுக்கிக்கொண்டு வரும். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது.

பெண் வளர்ந்தாள், பயணச்சீட்டு விற்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள், மாப்பிள்ளை அமைந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பத்துப் பேர் நடுவில் நிறுத்தினால் நல்ல பிள்ளை என்று பொறுக்கி எடுக்கிற முகம். சீட்டம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். "என்ன அழகா பேசறார் தெரியுமா! ஒரு வாக்கியத்தைக்கூடப் பாதியில விடறதில்ல" என்றாள். கல்யாணமான முதல் மாதமே பெண் வேலையை விட்டாள். அவருக்கு இஷ்டமில்லை என்றாள். அந்த மாதம்தான் அலுவலகத்தில் சீட்டம்மாவின் மேசைக்கு 'பயம்' என்ற சொல் வந்து சேர்ந்தது.

சாதாரணச் சொல் என்று நினைத்துத்தான் எடுத்தாள். அதுவோ தோண்டத் தோண்ட வந்தது. எழுதும்போது 'நான் பயப்படுகிறேன்' என்று எழுதுகிறோம், ஆனால் வாயைத் திறந்தால் 'எனக்குப் பயமா இருக்கு' என்றுதான் சொல்கிறோம். அதாவது நான் ஒன்றும் செய்வதில்லை. நான் ஓரமாக நிற்கிறேன், அது வருகிறது, பிடித்துக்கொள்கிறது, நினைத்தால் தெளிகிறது, தானாக விட்டுப்போகிறது. இன்னொருவருக்கு அதை உண்டாக்க வேண்டுமென்றால் 'பயமுறுத்து' என்று வேறு ஒரு வினை வேண்டும். நாய்க்குப் பயம், நாயைக் கண்டால் பயம், நாயிடம் பயம் என்று எதற்குப் பயம் என்பதையே மூன்று விதமாகச் சொல்லலாம். பொருளிலும் ஒன்றுக்கு மூன்று. அச்சம் ஒன்று. 'பிள்ளை தேறிடுமான்னு பயம்' என்றால் அது கவலை. 'அவனுக்கு யார்கிட்டயும் பயமில்ல' என்றால் அது மரியாதை இல்லை என்பதற்கு வைத்த பேச்சு. சீட்டம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப் போட்டாள். இருக்கும் பயத்துக்கு ஒரு கட்டு, வரும் பயத்துக்கு ஒன்று, பிடிக்கும் பயத்துக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று. பத்து மாதத்தில் கட்டு பதினேழு ஆனது.

தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் கூப்பிடுவாள். கூடத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள். "அவரும் பக்கத்துல இருக்காரும்மா" என்பாள். என்ன ஒற்றுமை பார் என்று அம்மா பூரித்துப்போவாள். "இந்த மாசம் என்னம்மா வார்த்தை?" என்று முதல் வாரமே மகள் கேட்டாள். "பயம்தாண்டி, அது லேசுல விடாது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மகள் மாதம் ஒன்றாவது தவறாமல் பயத்தை வைத்து வாக்கியம் சொன்னாள். வாக்கு மாறாத பெண், கல்யாணம் ஆகியும் அம்மா வேலையை மறக்கவில்லை என்று சீட்டம்மாவுக்கு ஒரே பெருமை. எழுதி, தேதி போட்டு, கீழே 'மகள்' என்று குறித்து, மறுநாள் அந்தந்தக் கட்டில் சேர்த்துவிடுவாள்.

அகராதி ஆசிரியரைக் கத்தரிக்கோல் என்பார்கள். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டித் திருப்பிக் கொடுக்கிற மனிதர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பதினேழு கட்டையும் அணைத்துக்கொண்டு வந்து சீட்டம்மாவின் மேசையில் தொப்பென்று போட்டார்.

"இதென்னம்மா, குடும்ப அகராதியா போடறோம்? எந்தக் கட்டைப் பிரிச்சாலும் மகள், மகள்னு வருது. பதினோரு சீட்டு! உங்க பொண்ணு வாயத் தொறந்தா பயம் மட்டும்தான் வருமா?"

பக்கத்து மேசைகள் சிரித்தன. சீட்டம்மாவும் சிரித்தாள்.

"முதல் சீட்டு, கடைசிச் சீட்டு ரெண்டை வச்சுக்கிட்டு மத்ததைக் கிழிச்சுப் போடுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எது முதல், எது கடைசி என்று பார்க்க, பதினோரு சீட்டையும் பதினேழு கட்டுகளிலிருந்து உருவி எடுத்துத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினாள். பத்து மாதத்தில் முதல் முறையாக அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் உட்கார்ந்தன.

முதல் சீட்டு: 'அவர்கிட்ட எனக்கு ஒரு பயம் உண்டும்மா.' மரியாதைக் கட்டில் வைத்திருந்தாள்.

இரண்டாவது: 'அவருக்குக் கோபம் வந்தா கொஞ்சம் பயமா இருக்கும், அவ்வளவுதான்.' மூன்றாவது: 'கடைலேர்ந்து திரும்ப லேட்டாயிடுச்சு, பயந்துக்கிட்டே ஓடி வந்தேன்.' நாலாவது: 'சும்மா பயமுறுத்தத்தான் கையை ஓங்கினாராம்.'

சீட்டம்மா அந்த நாலாவது சீட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அது வந்த நாள் நன்றாக நினைவிருந்தது. 'பயமுறுத்து' கட்டுக்கு ஆறு வாரமாக ஒரு சீட்டுக்கூடக் கிடைக்கவில்லை. மகள் சொன்னதும், "அப்பாடா, இதுக்குத்தான்டி அலைஞ்சுக்கிட்டிருந்தேன்!" என்று கைதட்டியிருந்தாள். பாவி, கைதட்டியிருந்தாள்!

ஐந்தாவது: 'மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டாலே பயம் புடிச்சுக்குது.' ஆறாவது: 'பயத்துல வாயே வரல.' ஏழாவது: 'எனக்கு இப்பல்லாம் பயம் விட்டுப்போச்சும்மா, பழகிடுச்சு.' எட்டு, ஒன்பது, பத்து என்று படித்துக்கொண்டே போனாள். பத்தாவது சீட்டில், 'பயத்துலயே சாப்பாடு எறங்க மாட்டேங்குது' என்று இருந்தது. அதன் ஓரத்தில் இவளுடைய கையெழுத்தில் 'மிக அருமை' என்று ஒரு குறிப்பு.

கடைசிச் சீட்டு ஒன்பது நாளைக்கு முந்தியது. அதில் இரண்டே சொல்தான். 'பயமா இருக்கு.'

இவ்வளவு சின்ன வாக்கியத்தை ஏன் எழுதினோம் என்று யோசித்தாள். மகள் இன்னும் ஏதோ சொன்னாள். இதற்கு முன்னால் ஒன்று சொன்னாள். சொல் அதில் இல்லை என்பதால் எழுதவில்லை. சட்டம். என்ன சொன்னாள்? கழுத்தில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பால்காரர் அழைப்பு மணி அடித்தார். மகள் என்ன சொன்னாள்? கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினாள். பத்தொன்பது வருஷமாக ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்த தலையில் பெற்ற பெண் ஒன்பது நாளைக்கு முன்னால் சொன்னது வரமாட்டேன் என்கிறது!

வந்தது. 'நீ ஒரு நாள் வந்துட்டுப் போயேன்மா.' அதுதான். அதற்குப் பிறகுதான், 'பயமா இருக்கு.'

அந்த ஒன்பது நாளில் மகள் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அச்சு வேலை நெருக்கடியில் அதைக்கூட இவள் கவனிக்கவில்லை. எண்ணைப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'நலமாக இருக்கிறேன் அம்மா. பிறகு பேசுகிறேன்.'

சீட்டம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். அவள் பெண் ஜென்மத்தில் 'பேசுகிறேன்' என்று எழுதியதில்லை. 'அப்றம் பேசறேன் மா' என்றுதான் எழுதும், அதிலும் பாதி எழுத்தை விழுங்கிவிடும். இது வாக்கியத்தைப் பாதியில் விடாத ஆள் எழுதியது.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? சீட்டு?" என்று கத்தரிக்கோல் கேட்டார்.

"கிழிக்காதீங்க. ஒண்ணையும் கிழிக்காதீங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் சீட்டுகளைச் சேர்த்து ஓரமாக எடுத்து வைத்தார்.

இரண்டு பேருந்து மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. போனதும் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அழகாக ஒரு பதில் சொல்வார், மகள் தலையை ஆட்டுவாள், இவள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். அடித்தீர்களா என்று கேட்க முடியுமா? கேட்டு, இல்லை என்று மகளே சொல்லிவிட்டால்? இவள் திரும்பிப் போன பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும்?

மகள் வீடு முதல் மாடி. கீழே ஒரு தையல்காரம்மா, வாசலை ஒட்டிய அறையில் இயந்திரம் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். படியில் கால் வைத்தவளைப் பார்த்ததும் இயந்திரம் நின்றது.

"நீங்க அந்தப் பொண்ணோட அம்மாவா?"

"ஆமாம்மா."

தையல்காரம்மா மாடியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். "இன்னிக்கு அவருக்கு லீவு. ரெண்டு பேரும் மேலதான் இருக்காங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள போனா கதவைச் சாத்தாதீங்க" என்றாள்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. "அடடே, அத்தை! வாங்க வாங்க. என்ன, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்க!" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். சீட்டம்மா உள்ளே போனாள். கதவை அவர் சாத்தப் போனபோது, "காத்து வரட்டும் மாப்பிள்ளை, மூச்சு வாங்குது" என்றாள். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் திறந்தே விட்டார்.

மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்கிற பெண், சுவர் ஓரமாக நின்று, "வாம்மா" என்றாள். சொல்வதற்கு முன்னால் கண் ஒரு முறை அவர் முகத்துக்குப் போய்வந்தது.

"ஏன்டி இப்படி எளைச்சுட்டே? சாப்பிடறியா இல்லையா?"

"நல்லா சாப்பிடறா அத்தை" என்றார் அவர்.

"தூங்கறியா?"

"பத்து மணிக்கெல்லாம் தூங்கிடுவா."

"ஏன்டி ஒன்பது நாளா போன் பண்ணல?"

"அவ போன் கீழ விழுந்துடுச்சு அத்தை. சரி பண்ணக் குடுக்கணும்." இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அந்தத் தொலைபேசியிலிருந்துதான் செய்தி வந்தது என்று இவள் சொல்லவில்லை. அவரும் அதை மறந்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்தார்.

"அத்தைக்கு டீ போட்டுட்டு வா."

மகள் எழுந்தாள். சீட்டம்மாவும் கூடவே எழுந்தாள். "நீங்க உக்காருங்க அத்தை" என்றார் அவர். குரல் உயரவில்லை. ஆனால் இவள் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட இல்லை. அவ்வளவு சத்தமில்லாமல் டீ போட ஒரு பெண் எப்படிப் பழகியிருப்பாள்!

"அப்புறம், அகராதி வேலையெல்லாம் எப்படிப் போவுது?" அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். "இவ குடுத்த வாக்கியமெல்லாம் ஏத்திட்டீங்களா? எப்பப் பாரு பயம், பயம்னு. 'அம்மா வேலைக்குத்தான் சொல்றேன்'னு சொல்லுவா. எனக்குச் சிரிப்பா வரும். நானே ஒண்ணு எடுத்துக் குடுத்தேன், தெரியுமா?"

"எது மாப்பிள்ளை?"

"பயம் விட்டுப்போச்சு, பழகிடுச்சுன்னு. இதைச் சொல்லு, உங்கம்மாவுக்குப் புடிக்கும்னேன். நல்லா இருந்துச்சில்ல?"

இத்தனை நாள் மகள் விளையாடுகிறாள் என்று இவள் நினைத்திருந்தாள். அந்த வீட்டுக்குள்ளிருந்து வெளியே விடக்கூடிய குரல் அது ஒன்றுதான் என்பதும், அதையும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, சிரித்து, சமயத்தில் திருத்தியும் கொடுத்தார் என்பதும் இப்போதுதான் புரிந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றாள். "எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு வாக்கியம் குறையுது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குத்தான் அவகிட்ட நேர்ல வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இதுக்குத்தானா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். தோள் தளர்ந்தது. "இத போன்லயே கேட்டிருக்கலாமே அத்தை."

மகள் தட்டில் மூன்று குவளை டீயோடு வந்து நின்றாள். சீட்டம்மா சீட்டையும் பேனாவையும் எடுத்தாள். மகளை நேராகப் பார்த்தாள்.

"எப்பவும் போலச் சொல்லு கண்ணு. இந்தத் தடவ ஒரு வாக்கியம்தான்னு இல்ல. முன்னாடி ஏதாவது வந்தா அதையும் சொல்லு. பின்னாடி வந்தா அதையும் சொல்லு. எல்லாம் வேணும்."

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையில் டீ தளும்பியது. கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு விளிம்பை முடித்து, நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது.

"பயமா இருக்கும்மா" என்றாள் மகள். "என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

"ரெண்டு வாக்கியமாயிடுச்சே!" என்றார் அவர், இன்னும் சிரித்துக்கொண்டு.

சீட்டம்மா ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டாள், எழுந்து மகள் கையிலிருந்த தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். "கெளம்பு" என்றாள்.

"என்ன அத்தை?"

"அவளைக் கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ளை."

"என்ன விளையாடறீங்களா? வாக்கியம்தானே சொன்னா? ஏய், வாக்கியம்தானே சொன்னே? சொல்லு உங்கம்மாகிட்ட."

மகள் அம்மாவின் முந்தானையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டே எட்டில் வாசலுக்குப் போய்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "அவ எங்கயும் வரமாட்டா. நீங்க வேணா போங்க."

சீட்டம்மா தைரியசாலி என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்தக் கை இன்னும் கொஞ்சம் அசைந்தால் கதவு சாத்திக்கொள்ளும், அப்புறம் உள்ளே இருப்பது மூன்று பேர்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் செய்தது ஒன்றுதான். ஆயுசில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"வழிய விடுங்க மாப்பிள்ளை! என் பொண்ணு பயமா இருக்குன்னு சொல்றா! பத்து மாசமா சொல்றா! வழிய விடுங்க!"

கீழே இயந்திரம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு படியடியில் வந்து நின்று மேலே பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளையின் முகம் பழையபடி நல்ல பிள்ளை முகமாக மாறிக்கொண்டது. "ஒண்ணுமில்லம்மா, வீட்டு விஷயம்" என்று கீழே பார்த்துச் சொன்னார். சொல்வதற்காகக் கையை எடுத்தார். அந்த இடைவெளியில் சீட்டம்மா மகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மகள் காலில் செருப்புக்கூட இல்லை. தையல்காரம்மா ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி படியை மறைத்தாற்போல நின்றுகொண்டாள்.

பேருந்தில் பின்னிருக்கை கிடைத்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. மகள் ஜன்னலோரம் குறுகி உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தாள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் சீட்டம்மாவின் தொலைபேசி அடித்தது. அவர்தான். மகளின் உடம்பு விறைத்ததை அம்மா தோளில் உணர்ந்தாள்.

எடுத்தாள்.

"அத்தை, அவகிட்ட குடுங்க." குரல் கண்ணாடிக் கடையில் பேசுகிற மாதிரி பதமாக இருந்தது.

"அவ பேசமாட்டா."

"ஏன் பேசமாட்டா?"

"அவளுக்கு உங்களைக் கண்டா பயம்" என்றாள் சீட்டம்மா. "இனிமே வரமாட்டா. நீங்களும் வராதீங்க. வந்தா, கீழ்வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்க போய்ச் சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுவேன்."

வாக்கியத்தைப் பாதியில் விடாத மனிதர் முதல் தடவையாக, "அத்தை, நீங்க..." என்று பாதியில் விட்டார். இவள் துண்டித்துவிட்டுத் தொலைபேசியை அணைத்தே போட்டாள். ஏதோ பெரிய காரியம் முடித்தவள் போல மகள் பக்கம் திரும்பினாள்.

மகள் அழவில்லை. "சொல்லிட்டியே" என்றாள், ஆச்சரியப்பட்டவள் போல. "இவ்வளவு லேசா சொல்லிட்டியே. கை ஓங்கினாருன்னு சொன்னேனே, அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா இது போயிருக்காதும்மா." வாயைத் திறந்து, விரலால் இடது பக்கத்துக் கடைவாயை விலக்கிக் காட்டினாள். இரண்டு பல் இருக்க வேண்டிய இடம் வெறும் ஈறாக இருந்தது.

சீட்டம்மா அந்தக் கன்னத்தைத் தொடப் போய், வலிக்குமோ என்று கையை எடுத்துக்கொண்டாள். "முதல்லேர்ந்து சொல்லுடி கண்ணு" என்றாள். "என்ன நடந்துச்சுன்னு எல்லாத்தையும் சொல்லு. இப்பக் கேக்கறேன்."

"எல்லாம் சொன்னதுதானேம்மா" என்று சொல்லிவிட்டு மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு இன்னும் ஒரு பேருந்து மாற வேண்டியிருந்தது.